எழுந்து நிற்காத கன்றுக்கு முதல் நாள்

நல்ல கன்று பிறந்த சில நிமிடங்களில் தலையைத் தூக்கிவிடும். கால் மணி நேரத்துக்குள் நெஞ்சை ஊன்றி நிமிர்ந்து உட்காரும். ஒரு மணி நேரத்தில் தள்ளாடியாவது எழுந்து நிற்கும். இரண்டு மணி நேரத்துக்குள் மடியைத் தேடிப் பிடித்துச் சப்பத் தொடங்கும். இவற்றில் ஏதாவது ஒன்று தள்ளிப்போனாலும் அந்தக் கன்றை நோஞ்சான் கன்றாகக் கருதி, தனியாகக் கவனிக்கத் தொடங்க வேண்டும். 'தானாக எழுந்துகொள்ளும்' என்று விட்டுவைத்தால், நேரம் போகப் போக அதன் தெம்பு குறையுமே தவிரக் கூடாது.

அப்படிச் சோர்ந்து கிடக்கும் கன்றைப் பார்த்ததும் பலருக்கும் தோன்றுவது, வாயைத் திறந்து இரண்டு மடக்குப் பாலை ஊற்றிவிடலாம் என்பதுதான். நல்ல எண்ணத்தோடு செய்கிற இந்த வேலை கன்றின் உயிருக்கே ஆபத்தாகலாம். விழுங்கத் தெரியாத நிலையில் இருக்கும் கன்றின் வாயில் ஊற்றிய பால், மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போய்விடும். எனவே நோஞ்சான் கன்றைப் பராமரிப்பதில் எதைச் செய்கிறோம் என்பதோடு, எதற்குப் பிறகு எதைச் செய்கிறோம் என்பதும் முக்கியம். முதலில் மூச்சு, அடுத்து உடல்சூடு, பிறகு சீம்பால், அதோடு தொப்புள். இந்த வரிசை மாறக் கூடாது.

கன்று ஏன் சோர்ந்து பிறக்கிறது?

பெரும்பாலும் காரணம் ஈற்றுச் சிரமம்தான். கன்று பெரிதாக இருந்தாலோ, தலையோ காலோ மடங்கி வந்தாலோ, தலைச்சன் கிடேரிக்கு வழி குறுகலாக இருந்தாலோ, கன்று பிறப்பு வழியில் நெடுநேரம் மாட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் அதற்குப் பிராணவாயு போதுமான அளவு கிடைக்காது, ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும். பிறந்த பிறகும் மயக்கத்தில் இருப்பதுபோலக் கிடக்கும். சப்பும் உணர்வு மந்தமாக இருக்கும். முகமும் நாக்கும் வீங்கியிருந்தால் இப்படி நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். பனிக்குடம் வெளிப்பட்ட பிறகு ஒன்று, இரண்டு மணி நேரம் ஆகியும் பிரசவம் முன்னேறவில்லை என்றால் மருத்துவரை அழைத்துவிட வேண்டும். நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுப்பது தாய்க்கும் கன்றுக்கும் கேடு.

குறைமாதக் கன்றுகளும் இரட்டைக் கன்றுகளும் இயல்பாகவே சோர்வாக இருக்கும். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். எருமைக்கு ஒரு மாதம் கூடுதலாக, ஏறக்குறைய 310 நாள். கருவூட்டல் செய்த தேதியைச் சுவரிலோ நோட்டிலோ குறித்து வைத்திருந்தால், கன்று எத்தனை நாள் முந்திப் பிறந்தது என்று உடனே தெரிந்துவிடும். மற்றபடி, சினையின் கடைசி மாதங்களில் தாய்க்குத் தீவனம் போதாமல் போனதும், சில தொற்று நோய்களும் காரணமாக இருக்கலாம்.

முதலில் மூச்சு

கன்று வெளியே வந்த அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தொடங்க வேண்டும். வாயிலும் மூக்கிலும் இருக்கும் கோழையை விரலால் வழித்தெடுத்துச் சுத்தமான துணியால் துடையுங்கள். ஒரு வைக்கோல் துரும்பை மூக்குத் துளைக்குள் விட்டு மெல்லச் சீண்டினால், கன்று தும்மி மூச்சை உள்ளே இழுக்கும். தலையில் சிறிது குளிர்ந்த நீரைத் தெளித்தாலும் அதே பலன் கிடைக்கும். பிறகு அந்த ஈரத்தை உடனே துடைத்துவிட வேண்டும். காய்ந்த சாக்கையோ துண்டையோ கொண்டு முதுகையும் விலாவையும் அழுத்தித் தேய்ப்பது இன்னொரு தூண்டுதல். தாய் நாக்கால் நக்குவதும் இதையேதான் செய்கிறது.

பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அப்போது வாயிலிருந்து நீர் கொட்டுவதைப் பார்த்து நுரையீரல் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். கொட்டுவதில் பெரும்பகுதி வயிற்றிலிருந்து வரும் நீர். தொங்கும் நேரம் முழுவதும் குடலும் இரைப்பையும் நுரையீரலின்மேல் அழுந்துவதால், மூச்சு விடுவது கன்றுக்கு இன்னும் கடினமாகிறது.

அதைவிட நல்ல வழி, கன்றை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவைத்து, பின்னங்கால்கள் இரண்டையும் வயிற்றின் இரு புறமும் முன்னோக்கி மடித்து வைப்பது. இப்படி உட்காரும்போது இரண்டு நுரையீரலும் சமமாக விரியும். தானாக உட்கார முடியாவிட்டால் இரு புறமும் வைக்கோல் கட்டுகளை அண்டக் கொடுங்கள். ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் கன்றை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போட வேண்டும். இல்லாவிட்டால் கீழே அழுந்தியிருக்கும் நுரையீரல் சரியாக விரியாது.

மூக்கில் வாய் வைத்து ஊதுவதைத் தவிர்த்துவிடுங்கள். குறைமாதத்தில் பிறந்த, சோர்ந்த கன்றுகளிலும் அவற்றின் நஞ்சுக்கொடியிலும் கருச்சிதைவு நோயான புருசெல்லோசிஸ் கிருமி இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்வதும், நஞ்சுக்கொடியை நாய் இழுத்துப் போகாதபடி சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைப்பதும் வீட்டில் உள்ளவர்களின் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான்.

அடுத்து உடல்சூடு

வயிற்றுக்குள் தாயின் சூட்டிலேயே இருந்த கன்று நனைந்த உடம்போடு வெளியே வருகிறது. ஈரம் காயக் காயச் சூடு வெளியேறும். எழுந்து நடக்கும் கன்று அந்த அசைவிலேயே சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். படுத்தே கிடக்கும் கன்றுக்கு அந்த வழியும் இல்லை. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பும் மிகச் சொற்பம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் மட்டும் நடக்கிற விஷயம் இது என்று நினைக்க வேண்டாம். ஐப்பசி மழையில் ஒழுகும் கொட்டகையிலும், மார்கழிப் பனியில் திறந்த களத்திலும் பிறக்கும் சமவெளிக் கன்றுகளும் குளிரில் விறைக்கின்றன.

வீட்டில் காய்ச்சல் பார்க்கப் பயன்படும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போல ஒன்றை மாட்டுக்கென்று தனியாக வாங்கி வையுங்கள். முனையில் சிறிது எண்ணெய் தடவி, ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 101 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தால் இயல்பு. 100-க்குக் கீழே இருந்தால் சூடேற்ற வேண்டும். 95-க்குக் கீழே போயிருந்தால் அவசரம். தெர்மாமீட்டர் கைவசம் இல்லையென்றால் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாயின் உட்புறம் சில்லென்று இருந்தால் கன்று குளிர்ந்துவிட்டது.

இலேசாகக் குளிர்ந்த கன்றை நன்றாகத் துவட்டி, காற்று அடிக்காத மூலையில், கனமாகப் பரப்பிய காய்ந்த வைக்கோலின்மேல் கிடத்தி, கோணிச் சாக்கையோ பழைய கம்பளியையோ போர்த்தினால் போதும். 100 வாட் குண்டு பல்பை எட்டாத உயரத்தில், வைக்கோலைத் தொடாமல் கட்டித் தொங்கவிடலாம். வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி விலாவுக்கும் தொடைக்கும் அருகில் வைக்கலாம். துணி சுற்றாமல் வைத்தால் தோல் வெந்துவிடும்.

மிகவும் விறைத்துப்போன கன்றை, கை பொறுக்கும் சூட்டில், ஏறக்குறைய 100 முதல் 105 டிகிரி வரை உள்ள நீரில், தலை மட்டும் வெளியே இருக்கும்படி தொட்டியில் வைத்துச் சூடேற்றலாம். நீர் ஆற ஆற வெந்நீர் சேர்க்க வேண்டும். வெளியே எடுத்ததும் ரோமத்தின் அடிவரை ஈரம் போகத் துடைக்காவிட்டால் பட்ட பாடு வீணாகும். இப்படிக் குளிப்பாட்டிய கன்றில் பனிக்குட நீரின் மணம் போய்விடுவதால், தாய் சில சமயம் அதைச் சேர்க்காமல் உதைக்கும். கன்றின் முதுகில் சிறிது தவிடும் உப்பும் தூவிவிட்டால் தாய் நக்கத் தொடங்கும், பிறகு சேர்த்துக்கொள்ளும்.

கொசுவுக்காக வேப்பிலை மூட்டம் போடும் பழக்கம் உள்ளவர்கள், இந்தக் கன்று இருக்கும் இடத்தில் சில நாளைக்கு அதை நிறுத்திவிட வேண்டும். மூச்சு விடவே சிரமப்படும் கன்றுக்குப் புகை ஆகாது. கொசுவலை கட்டுவது மேல்.

பிறகு சீம்பால்

மனிதக் குழந்தை கருவில் இருக்கும்போதே தாயின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புப் புரதங்களைப் பெற்றுவிடுகிறது. மாட்டில் அப்படி இல்லை. அதன் நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தையும் கன்றின் ரத்தத்தையும் பல அடுக்குத் திசுக்களால் பிரித்து வைத்திருப்பதால், அந்தப் புரதங்கள் உள்ளே கடப்பதில்லை. கன்று ஏறத்தாழ எதிர்ப்புச் சக்தியே இல்லாமல்தான் பிறக்கிறது. அதற்கு வர வேண்டிய பங்கு முழுவதும் சீம்பாலில் இருக்கிறது.

இதில் ஒரு நேரக் கணக்கு உண்டு. பிறந்த கன்றின் குடல் இந்தப் புரதங்களைச் செரிக்காமல் முழுசாகவே ரத்தத்துக்குள் விடும். அந்த வழி பிறந்த நிமிடத்திலிருந்தே குறுகத் தொடங்குகிறது. முதல் ஆறு மணி நேரத்தில் நன்றாக உறிஞ்சும். 24 மணி நேரம் ஆகும்போது வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். மறுநாள் ஒரு வாளி சீம்பால் கொடுத்தாலும் அது உணவாகுமே தவிர, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியாகச் சேராது. சீம்பாலின் தரமும் கறவைக்குக் கறவை இறங்குகிறது. முதல் கறவையில் இருக்கும் எதிர்ப்புப் புரதம் அடுத்த கறவையில் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே முதல் கறவை கன்றுக்கு. அக்கம்பக்கத்துக்குக் கடும்பு செய்து கொடுப்பதெல்லாம் அது வயிறு நிறையக் குடித்த பிறகுதான்.

'நஞ்சு விழுந்த பிறகுதான் கன்றைக் குடிக்கவிட வேண்டும்' என்ற நம்பிக்கை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. நஞ்சுக்கொடி விழ எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். அதற்காகக் காத்திருந்தால் கன்றின் நல்ல நேரம் முழுவதும் போய்விடும். உண்மையில் கன்று மடியைச் சப்பும்போது தாயின் உடம்பில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பாலை இறக்கும் அதே ஹார்மோன்தான் கருப்பையையும் சுருங்க வைக்கிறது. கன்று குடிப்பது நஞ்சு விழுவதற்கு உதவுமே தவிரத் தடையாகாது.

எவ்வளவு கொடுப்பது?

முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது குறைந்தபட்சக் கணக்கு. எடை தெரிய, கன்றைத் தூக்கிக்கொண்டு எடைப் பொறியில் ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். ஜெர்சி கலப்பினக் கன்று பெரும்பாலும் 20 கிலோவை ஒட்டி இருக்கும். அதற்கு முதல் இரண்டு மணி நேரத்தில் 1 லிட்டர், எட்டு மணி நேரத்துக்குள் இன்னொரு லிட்டர், நாள் முடிவதற்குள் மேலும் அரை அல்லது 1 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நோஞ்சான் கன்று ஒரே மூச்சில் 1 லிட்டர் குடிக்காது. அரை அரை லிட்டராக, இடைவெளி விட்டு, பலமுறை கொடுத்து அதே அளவை எட்ட வேண்டும்.

எப்படிக் கொடுப்பது?

கொடுப்பதற்கு முன்பு இரண்டைச் சோதியுங்கள். உடல்சூடு 100 டிகிரியாவது எட்டியிருக்கிறதா? கழுவிய விரலை வாய்க்குள் வைத்தால் சப்புகிறதா? இரண்டும் சரியாக இருந்தால் நிப்பிள் போட்ட பாட்டிலில் கொடுக்கலாம். கன்று நின்றுகொண்டோ நெஞ்சை ஊன்றி உட்கார்ந்துகொண்டோ இருக்க வேண்டும். பக்கவாட்டில் படுத்த நிலையில் கொடுக்கவே கூடாது. கழுத்தைச் சற்று நீட்டி, முகம் தோளை விட இலேசாக உயர்ந்திருந்தால் போதும். வானத்தைப் பார்க்கும்படி வாயைத் தூக்கிப் பிடித்தால் புரை ஏறும்.

சப்பிக் குடிப்பதில் இன்னொரு நன்மை உண்டு. மாட்டுக்கு வயிறு நாலு அறை. பால் போக வேண்டியது நாலாவது அறைக்கு. கன்று சப்பும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு தசை மடிப்பு சுருண்டு குழாயாகி, பாலை நேராக அங்கே கொண்டுசேர்க்கும். குவளையாலோ மூங்கில் குழாயாலோ ஊற்றினால் அந்த மடிப்பு சரியாக மூடாது; பால் முதல் அறையில் தேங்கிப் புளிக்கும். அது குறைவான கேடு. அதைவிட மோசமானது, பால் நுரையீரலுக்குப் போவது. மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாயை நோஞ்சான் கன்றின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

சப்பும் உணர்வு இல்லாத கன்றுக்குக் கால்நடை மருத்துவர் மெல்லிய குழாயை உணவுக்குழாய் வழியாக வயிறு வரை செலுத்திச் சீம்பாலைக் கொடுப்பார். முதல் சீம்பாலை இப்படிக் கொடுத்தாலும் எதிர்ப்புச் சக்தி சேரும். குழாய் தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால் கன்று பிழைக்காது என்பதால், முறையாகக் கற்றுக்கொள்ளாதவர் முயலக் கூடாது.

சீம்பால் ஆறிவிட்டால் பாத்திரத்தோடு வெந்நீரில் வைத்து, உடல்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். நேராக அடுப்பில் வைத்தால் கட்டியாகிக் கடும்பாகிவிடும். எதிர்ப்புப் புரதங்களும் அழிந்துவிடும்.

தாய் இறந்துவிட்டாலோ மடியில் பால் இறங்காவிட்டாலோ, அதே நேரத்தில் ஈன்ற நோயில்லாத வேறு மாட்டின் சீம்பாலைக் கொடுக்கலாம். நாலைந்து மாடு வைத்திருப்பவர்கள் மிஞ்சிய முதல் கறவைச் சீம்பாலை அரை லிட்டர் பைகளில் கட்டி ஃப்ரீசரில் வைத்தால், மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். உருக்கும்போது நீரின் சூடு கை பொறுக்கும் அளவைத் தாண்டக் கூடாது. பாலில் முட்டையும் விளக்கெண்ணெயும் கலந்து கொடுக்கும் பழைய கைமுறை, கன்றுக்குக் கொஞ்சம் சத்தைக் கொடுத்து முதல் சாணத்தை இளக்கும். ஆனால் அதில் எதிர்ப்புப் புரதம் இல்லை. வேறு வழியே இல்லாதபோதுதான் அது.

தொப்புளைக் கவனிக்க

அறுந்த தொப்புள்கொடி சில நாள்வரை திறந்த வாசல். சாணத்திலும் மூத்திரத்திலும் இருக்கும் கிருமிகள் அதன் வழியாக ரத்தத்துக்குள் புகுந்து, தொப்புளில் சீழ் பிடிக்கச் செய்யும். கால் மூட்டுகளை வீங்கவைக்கும். நடமாடும் கன்றை விட, ஈரத் தரையில் படுத்தே கிடக்கும் நோஞ்சான் கன்றுக்கு இந்த ஆபத்து அதிகம். கொடி நீளமாகத் தொங்கினால் உடலிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, கொதிக்கவைத்த நூலால் கட்டி, அதற்குக் கீழே சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். ஒரு சிறு கிண்ணத்தில் டிஞ்சர் அயோடின் ஊற்றி, கொடி முழுவதும் அதில் நனையும்படி முக்கி எடுங்கள். கொடி காயும்வரை இரண்டு மூன்று நாள் இதைத் தொடர வேண்டும். மஞ்சளோ சாணமோ சாம்பலோ அப்ப வேண்டாம்.

படுக்கை போதுமான அளவு காய்ந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கன்று படுக்கும் இடத்தில் நீங்கள் அரை நிமிடம் முழங்கால் போட்டு உட்காருங்கள். முழங்காலில் ஈரம் பட்டால் வைக்கோலை மாற்றிவிட வேண்டும்.

முதல் வாரம்

முதல் நாளைத் தாண்டிய கன்றுக்கு அடுத்த சோதனை கழிச்சல். உடல் எடையில் பத்தில் ஒரு பங்குப் பாலை, உடல்சூட்டில், ஒரே நேர ஒழுங்கில், நாளுக்கு மூன்று நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பாட்டிலையும் நிப்பிளையும் ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவுங்கள். நாளுக்கு நாலைந்து முறை வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி நிற்கவைத்தால் கால்களுக்கு வலு வரும்.

கழிச்சல் கண்டால் கன்றைக் கொல்வது பெரும்பாலும் உடலில் நீரும் உப்பும் வற்றிப்போவதுதான். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். உடனே படிந்தால் பயமில்லை. இரண்டு மூன்று நொடி மேடாகவே நின்றால் நீர் குறைந்திருக்கிறது. கண் குழிவிழுந்திருந்தால் நிறையவே குறைந்துவிட்டது. பாலை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தினால் இருக்கும் தெம்பும் போய்விடும். பாலுக்கு இரண்டு மணி நேர இடைவெளி விட்டு, உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுங்கள். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவு நீரில் கரைத்து, நாளுக்கு 2 லிட்டர் வரை பகிர்ந்து கொடுக்கலாம். கரைசலைப் பாலோடு கலந்து கொடுத்தால் பால் வயிற்றில் சரியாக உறையாமல் போகலாம். எஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுப்பதும் கூடாது.

எருமைக் கன்று என்றால் குடற்புழுவையும் மறக்க வேண்டாம். ஒருவகை உருண்டைப் புழுவின் இளம்புழுக்கள் தாய்ப்பாலிலேயே கன்றுக்குள் வந்துவிடும். 10 முதல் 14 நாளுக்குள் மருத்துவர் சொல்லும் புழுநீக்க மருந்தைக் கொடுத்துவிட வேண்டும்.

காளைக் கன்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாலுக்கு விலை இருக்கும் இடங்களில், காளைக் கன்றுக்கு எதற்குப் பால் என்று முதல் நாளிலேயே மடியிலிருந்து இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். அந்தச் சீம்பாலை எந்தச் சங்கமும் கொள்முதல் செய்வதில்லை. கன்றுக்குக் கொடுப்பதால் நஷ்டம் ஏதுமில்லை.

எப்போது மருத்துவரை அழைப்பது?

பிறந்து ஆறு மணி நேரம் ஆகியும் சப்பாதது, சூடேற்றியும் 100 டிகிரியை எட்டாதது, வாய் ஈறு நீலமாகவோ வெளுத்தோ இருப்பது, மூச்சில் களகளவென்ற சத்தம், தொப்புளில் வீக்கமும் நாற்றமும், மூட்டு வீக்கம், சாணத்தில் ரத்தம், கண் குழிவிழுந்து எழ முடியாமல் கிடப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். ரத்தக் குழாய் வழியாகக் குளுக்கோஸும் உப்புநீரும் ஏற்றினால் எழுந்து நிற்கும் கன்றுகள் நிறைய. தமிழ்நாட்டில் 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்தால் கால்நடை அவசர ஊர்தி வரும். ஊர்தி வரும்வரை கன்றை நெஞ்சு ஊன்றிய நிலையில், போர்த்தி வையுங்கள். கன்று பிறந்த நேரம், குடித்த அளவு, பார்த்த உடல்சூடு ஆகியவற்றைக் குறித்து வைத்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அடுத்த ஈற்றுக்கு முன்பே

வயிற்றில் இருக்கும் கன்றின் எடையில் பாதிக்கு மேல் சினையின் கடைசி இரண்டு மாதங்களில்தான் ஏறுகிறது. நல்ல சீம்பால் உருவாவதும் அந்தக் கடைசி வாரங்களில்தான். கறவையை ஈற்றுக்கு 60 நாளைக்கு முன்பே வற்றவிட்டு, பசுந்தீவனமும் அடர்தீவனமும் தாது உப்புக் கலவையும் கொடுக்க வேண்டும். 'பால் கறக்காத மாட்டுக்கு எதற்குத் தீவனம்' என்று குறைத்தால், அந்தக் குறை கன்றின் உடம்பிலும் சீம்பாலிலும் தெரியும். கலப்பினக் கிடேரிக்கு முதல் கருவூட்டல் செய்யும்போது பெரிய உடல்வாகு உள்ள காளையின் விந்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் புருசெல்லோசிஸ் தடுப்பூசி போட்டுவிடுங்கள். வாழ்நாளில் ஒருமுறை போட்டால் போதும்.

ஈனும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே கொட்டகையில் ஒரு பெட்டியை வைத்துவிடுங்கள். காய்ந்த துண்டு நாலு, கையுறை, டிஞ்சர் அயோடின், நூல், கத்தரி, தெர்மாமீட்டர், நிப்பிள் போட்ட பாட்டில், டார்ச் விளக்கு. பெட்டி மூடியின் உள்பக்கம் மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் 1962-ஐயும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். மாடு ஆள் தூங்கும் நேரத்திலும் ஈனலாம். அந்த நேரத்தில் துண்டைத் தேடிப் போனால், கன்று குளிரில் கிடக்கும் நேரம் கூடிவிடும்.